கரண்டுச் சூட்டுக்கு வல்லாரை

வல்லாரையைப் பற்றிய அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தோன்றியது ஒரு மனிதருடைய கன்னத்துக்கும் அவருடைய மாஸ்க்குக்கும் நடுவில். அந்த இடத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. தலைக்குக் கதிர் சிகிச்சை பெறுகிறவரின் முகத்தில் நாங்கள் பூட்டுகிற பிளாஸ்டிக் வலை தோலோடு தோலாகப் படிந்திருக்க வேண்டும். அன்று காலை என்னுடைய இரண்டு விரல்கள் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விட்டன. வெளியே எடுத்துப் பார்த்தேன், நுனியில் பச்சை. மணந்து பார்த்தேன், வல்லாரை.

"விதானையார், தலையில என்ன பூசியிரிக்கிறீங்க?"

மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் வந்தது. "எண்ணெய் பூச வேணாமெண்டுதானே மிஸ் சொன்னீங்க. இது எண்ணெய் இல்ல, இலை."

சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த யோசனை. இந்த மனிதர் மெசினையும் நம்புகிறார், இலையையும் நம்புகிறார். நாங்கள்தான் ஒன்றை ஒன்று பார்க்காமல் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒரே மேசையில் இருத்தினால் என்ன?

இதை இப்போது எழுதக் காரணம் நிரோசா. என்னோடு வேலை பார்த்தவள், இப்போது என்னுடைய கதிரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பவள். நான் ஓய்வு பெற்றுப் பல மாதங்களாகியும் உட்காரத் தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுடைய அழைப்பு வந்தது.

"அக்கா, ஒரு ஆள் மூளைக்குப் பாதுகாப்பெண்டு ஒரு போத்தல் கசாயம் கொண்டுவந்திரிக்கார். ஃபோனில வீடியோ பாத்தாராம். நாங்க வேணாமெண்டா ஒளிச்சுக் குடிப்பார். ஓமெண்டு சொல்லவும் ஏலா. என்னக்கா சொல்லுற?"

"முதல்ல இரிக்கச் சொல்லு. மறுகா, காலையில என்ன சாப்பிட்டீங்களெண்டு கேளு."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா?"

அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என்னுடைய படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மட்டக்களப்புக் கடலோரத் தேற்றாத்தீவிலிருந்து கொழும்புக்குப் போனேன், கதிர் சிகிச்சைத் தொழில் படித்தேன், அரைகுறைச் சிங்களத்தோடு அங்கேயே சில வருடம் வேலை செய்தேன். எங்கள் பகுதி நோயாளர்கள் இரவு பஸ்சில் வந்து, இறங்கிய உடுப்போடு வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மட்டக்களப்புப் பக்கம் மெசின் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலேயே இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். தொழில் கற்றது அதற்குப் பிறகுதான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் றசீன் சேர். ஏறாவூர்க்காரர். நெடுநெடு என்று ஒரு மனிதர். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோயாளரைத் தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப் போகிறேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். "நாடியப் பிடிக்கப் போறன், மகன்." "காதுக்குப் பின்னால கை வருது, உம்மா." அவசரமான நாளில்கூட அதை விட்டதில்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அவருடைய குரல் கேட்காமல் போனால் ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லோரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "காலையில என்னத்தச் சாப்பிட்டீங்க?" புதிதாக வந்தவர்கள் அதை உபசாரம் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. சாப்பாட்டைக் கேட்டால் வாந்தி இருக்கிறதா தெரியும், பசி தெரியும், வீட்டில் யார் பார்க்கிறார்கள் தெரியும், மாத்திரையை எதோடு விழுங்கினார் என்பது தெரியும். நேரடியாக "மருந்து போட்டீங்களா?" என்று கேட்டால் எங்கள் சனம் ஓம் என்றுதான் சொல்லும். சாப்பாட்டைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை.

விதானையாருக்கு வருகிறேன். சாமித்தம்பி அவருடைய பெயர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் ஊர். அவர் வட்டை விதானை. ஒரு வட்டையில் இருக்கிற அத்தனை வயலுக்கும் குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. எந்த வாய்க்காலில் முதலில் திறப்பது, வரப்பில் தண்ணீர் பாயும் வெட்டான வக்கடையில் எதை எப்போது கட்டுவது, யாருடைய வயல் மேடு, யாருடையது பள்ளம், எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள்தான் கட்டியும் வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் மெதுவாக வளர்கிற வகை. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கதிர் சிகிச்சை என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

மாஸ்க் செய்கிற நாளில் அவரும் மனைவி பூமணியும் வந்தார்கள். மாஸ்க் செய்வது பார்க்க அழகான வேலை. துளைத்துளையாக உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அது நனைந்த துணிபோலத் துவண்டு கண்ணாடிபோல ஆகிவிடும். ஈரத்தை ஒற்றி எடுத்து, சூடு பொறுக்கத்தக்கதா என்று எங்கள் கையில் பார்த்து, இருவர் இரண்டு பக்கமும் பிடித்து முகத்தின் மேல் இழுத்து இறக்க வேண்டும். மூக்குத்தண்டில், முகவாயில், நெற்றியின் ஓரத்தில் விரலால் மெல்ல அமுக்கிப் படிய வைக்க வேண்டும். சில நிமிடத்தில் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் அதே மாஸ்க்கை மாட்டி மேசையோடு பூட்டினால் தலை அதே இடத்தில் அசையாமல் கிடக்கும். குறிகளைக்கூட முகத்தில் போடுவதில்லை, மாஸ்க்கில்தான் போடுவோம். ஆகவே மாஸ்க் ஆடினால் குறியும் ஆடும். கதிர் கட்டியை விட்டு நல்ல மூளைக்குப் போகும்.

"மூஞ்சில சூடா ஒண்டு வரப்போகுது, மகன். கண்ண மூடிக்கங்க," என்றார் றசீன் சேர்.

மாஸ்க் இறுகும்வரை விதானையார் அசையவில்லை. கழற்றியதும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூமணி, இஞ்ச பாரு. இடியப்பத் தட்டுக்குள்ள நான் கிடக்கிறன்."

"இடியப்பம் இவ்வளவு கறுப்பா வராது," என்றாள் பூமணி.

சிரித்து முடித்த பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். எங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரான டாக்குத்தர் அம்மாவும் அப்போது அங்கே நின்றார்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்க. இந்தக் கரண்ட் என்ட ஞாபகத்தக் கொண்டு போகுமா? மாரி வெள்ளாம வெட்டினதும் சிறுபோகத்துக்குக் கூட்டம் வைப்பாங்க. அதில எழும்பி நிண்டு தண்ணி முற சொல்லோணும். சொல்ல ஏலாட்டி மற்ற ஆளப் போடுவாங்க. போடட்டும், அது பரவால்ல. எனக்குத் தெரியாமலே பிழையாச் சொல்லிப்போட்டா? கீழ்வயல் காயுமே."

டாக்குத்தர் அம்மா ஒளிக்கவில்லை. மூளைக்குள், கடற்குதிரைபோல வளைந்த ஒரு சின்ன இடம் இருக்கிறது, புது ஞாபகங்கள் பதிவது அதன் வழியாகத்தான், அது உங்களுடைய கட்டிக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கிறது, முடிந்த அளவுக்கு அதை விலக்கித்தான் திட்டம் போட்டிருக்கிறோம், ஆனாலும் கொஞ்சம் மறதி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

"கொஞ்சமெண்டா எவ்வளவு?"

"அது எனக்குத் தெரியாது," என்றார் அவர். அந்தப் பதிலை விதானையார் மதித்தார் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கரண்ட். அந்தச் சொல்லை நோயாளர்கள் மட்டும் சொல்லவில்லை. நாங்களும் சொன்னோம். கதிர் சிகிச்சை என்றால் யாருக்கும் விளங்காது. "கரண்ட் வைக்கிற" என்றால் எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு மழை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வெள்ளம் ஏறி, தாழ்வான தாம்போதிப் பாதைகள் மூழ்கி, விதானையாருடைய ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் போக்குவரத்து நின்றது. ஒரு கிழமைக்கு மேல் அவர் வரவில்லை. இடைவெளி விழுவது நல்லதல்ல. ஒவ்வொரு காலையும் தொலைபேசி எடுப்போம், பூமணிதான் பேசுவாள். "நல்லா இரிக்கார் மிஸ். தண்ணி வடிஞ்ச உடன வாறம்."

தண்ணீர் வடிந்த உடனே வந்தார்கள். ஒரு உழவு மெசின் பெட்டியில் பாதித் தூரம். அந்தக் காலைதான் என் விரல்கள் மாஸ்க்குக்குள் போன காலை.

மாஸ்க்கைக் கழற்றினோம். வெளிச்சத்தில் பார்த்தால் முகமே மாறியிருந்தது. கன்னங்கள் வற்றி, கண்கள் உள்ளே போய், உதடு காய்ந்து. மேசையிலிருந்து எழும்ப முயன்றவர் சுவரைப் பிடித்தார். அடுத்த நொடி வாந்தி.

றசீன் சேர் ஒரு கிண்ணத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் வாயைத் துடைக்கத் துணி கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காலையில என்னத்தச் சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

"நேத்து?"

"கஞ்சி."

"என்னத்துக்கு வெறும் கஞ்சி?"

விதானையார் பூமணியைப் பார்த்தார். பூமணி என்னைப் பார்த்தாள். "பத்தியம் சேர்," என்றாள். "மருந்து குடிக்கார். வல்லாரையும் நீர்ப்பிரமியும் போட்டுக் காய்ச்சின கசாயம். தலைக்குப் பற்று. கரண்டுச் சூடு மூளையத் தின்னாம இரிக்க."

"குளிசை?"

மூளை வீக்கத்தைக் குறைக்க டாக்குத்தர் அம்மா கொடுத்த குளிசை அது, ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. அதைப் போட்டால் முகம் ஊதும், பசி எடுக்கும். அந்த ஊதிய முகத்துக்குத்தான் நாங்கள் மாஸ்க் செய்திருந்தோம். திடீரென்று நிறுத்தவே கூடாத குளிசை. நிறுத்தினால் வீக்கம் திரும்பும், உடம்பு மயங்கிச் சரியும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

"குளிசையும் பத்தியத்துக்கு ஆகாதுதானே," என்றார் விதானையார், மிகச் சாதாரணமாக.

அன்று சிகிச்சை இல்லை. டாக்குத்தர் அம்மா உடனே வார்டில் அனுமதித்து மருந்தைத் திரும்பத் தொடங்கினார். வெளியே நடையில் பூமணி நின்றாள். கசாயம் கொடுத்த பரியாரியார், அந்த நாட்டு வைத்தியர், யார் என்று அவளிடம் கேட்டேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நாகமணிப் பரியாரியார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் இளநிலை ஊழியர் ஒருவர் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். றசீன் சேர் இருவரையும் பார்த்துவிட்டு, "அவர இஞ்ச கூப்பிடுங்க," என்றார். "ஏச இல்ல. சாப்பிட்டீங்களாண்டு கேக்க."

பரியாரியார் வந்தார். சந்தேகத்தோடுதான் வந்தார், சேட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். வார்டுக் கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம்: டாக்குத்தர் அம்மா, றசீன் சேர், பூமணி, நான்.

"நான் குளிசைய நிப்பாட்டச் சொல்லல்ல," என்றார் அவர், கேட்பதற்கு முன்னாலேயே. "சூடானதத் தின்னாதயெண்டன். கருவாடு, கத்தரிக்காய், அன்னாசி. வேறென்ன சொன்னன்? சாமித்தம்பி, நீயே சொல்லு."

"அதத்தான் செஞ்சன்," என்றார் கட்டிலில் கிடந்தவர். "அந்தக் குளிசையப் போட்டா உடம்பெல்லாம் காந்துது. நித்திர இல்ல. மூஞ்சி ஊதுது. அதவிடச் சூடான சாமான் உலகத்தில இரிக்கா? கருவாடு சூடெண்டு விட்டவன் அத மட்டும் எப்படி முழுங்குற?"

பரியாரியார் எங்கள் பக்கம் திரும்பி, "இவன் தண்ணி பிரிக்கிற மாதிரி மருந்தையும் பிரிச்சிரிக்கான்," என்றார். பூமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

றசீன் சேர் கட்டிலருகில் குனிந்தார். "ஒண்டு கேக்கிறன், மகன். மெசினுக்குள்ள கிடக்கக்குள்ள சுட்டதா?"

"இல்ல."

"ஒரு நாளாவது?"

"இல்ல."

"மறுகா ஏன் சூடெண்டு நெனச்சீங்க?"

"நீங்கதானே கரண்டெண்டீங்க. கரண்ட் சுடாம வேறென்ன செய்யும்?"

றசீன் சேருடைய குரல் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று யன்னலைப் பார்த்தார். எங்களுடைய சொல்லை அவர் முழுமையாக நம்பியிருக்கிறார். கரண்ட் என்றால் சூடு. சூட்டுக்குக் குளிர்மை. குளிர்மைக்கு வல்லாரை. வல்லாரைக்குப் பத்தியம். பத்தியத்துக்குக் குளிசை ஆகாது. ஒவ்வொரு படியும் சரி. அடியில் கிடந்த சொல் ஒன்றுதான் பிழை, அது எங்களுடையது.

டாக்குத்தர் அம்மா ஒரு கதிரையை இழுத்துப் பரியாரியாருக்குப் போட்டார். தானும் ஒன்றில் இருந்தார். வல்லாரை, நீர்ப்பிரமி, துளசி, மஞ்சள் ஆகியவற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆய்வுகூடத்தில், எலி போன்ற விலங்குகளில், கதிர் பட்ட மூளைக்கு இவை உதவக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் கண்டிருக்கிறார்கள். மனிதரில் அப்படி நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் எதுவும் இல்லை. எவ்வளவு, எப்போது என்பதும் தெரியாது. "எனக்கு இருக்கிற பயம் வேறு," என்றார். "கதிர் கட்டியிலுள்ள கெட்ட உயிர்க்கலங்களைக் கொல்ல வேண்டும். உங்களுடைய கசாயம் கலங்களைப் பாதுகாக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று பார்த்தா பாதுகாக்கும்?"

பரியாரியார் கேட்டார். "வயலுக்குப் பசளை போட்டா நெல்லும் குடிக்கும், புல்லும் குடிக்கும். அப்படியா சொல்லுறீங்க?"

"அப்படித்தான்."

"அப்ப கதிர் முடியட்டும். நான் நிப்பாட்டுறன்."

"சம்பலாகச் சாப்பிட்டால் பரவாயில்லை," என்றார் அம்மா. "சோற்றோடு, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு. கசாயமாகக் காய்ச்ச வேண்டாம், தலையில் பூச வேண்டாம், குளிசையை விடவே வேண்டாம்."

"சம்பலுக்குக் கருவாடு தொட்டுக்கலாமா?" என்றார் விதானையார் கட்டிலிலிருந்து. அப்போதுதான் அவர் தப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

உடம்பு தேறியதும் புது மாஸ்க், புது ஸ்கேன், பௌதிகவியலாளர் போட்ட புதுக் கணக்கு. விடுபட்ட நாட்களுக்கு ஈடுசெய்து சிகிச்சையை முடித்தோம். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் கரண்ட் என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்றாயிற்று. "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், சுடாது" என்று சொல்லப் பழகினோம். நாக்கு பழக நாளானது. எனக்கே பலமுறை வாய் தவறியது, அப்போதெல்லாம் றசீன் சேர் இருமுவார்.

அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்குரிய கூட்டத்துக்கு விதானையார் என்னைக் கூப்பிட்டார். "வந்து பாருங்க மிஸ். பிழையாச் சொன்னா நீங்கதான் சாட்சி." என் ஸ்கூட்டரில் மண்முனைப் பாலம் தாண்டிப் போனேன். வெள்ளம் வடிந்து, அறுவடை முடிந்து, வைக்கோல் மணக்கிற வயல்களின் நடுவால் அந்தப் பாதை. வாவிப் பக்கம் கொக்குகள். ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி நினைவுக்கு வருகிற காலை அது. அவர் பிழையாகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தும் நான் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறையச் சனம். விவசாயிகள், அதிகாரிகள், பின்வரிசையில் பெண்கள், பூமணி. விதானையார் எழுந்து நின்றார். தலையில் சத்திரசிகிச்சைத் தழும்பு தெரியாமல் சால்வை கட்டியிருந்தார். மதகு திறக்கிறதிலிருந்து தொடங்கினார். பெரிய வாய்க்கால், அதில் முதல் கிளை, இரண்டாவது, அங்கிருந்து ஆற்றோரத்து வயல்கள். குரல் நடுங்கவில்லை. பிறகு நின்றது.

சும்மா நிற்கவில்லை. அடுத்த சொல்லுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. யாரோ ஒருவர் இருமினார். பூமணி எழும்பி, உதட்டை அசைத்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு மேடைக்கு முதுகைக் காட்டி, வயல் இருந்த பக்கம் உடம்பு முழுவதையும் திருப்பினார். வலக்கை மெல்ல எழுந்தது. வாய்க்கால் ஓடுகிற திசையில் கை போனது, வளைந்தது, தாழ்ந்தது. "அங்கால... பள்ளத்து வக்கடை," என்றார். "அதக் கட்டினாப் பிறகுதான் கீழ்வயல்." அதற்குப் பிறகு நிற்கவில்லை, முடிவுவரை சொன்னார். யாரும் ஒரு இடத்தையும் திருத்தவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஒரு இளைஞன் வந்து அவருடைய கையைப் பிடித்தான். "பெரியப்பா, நல்லாச் சொன்னீங்க."

விதானையார் அவனைப் பார்த்தார். "வா மனே," என்றார். "நீ... மேட்டு வக்கடைக்காரன்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சொந்தத் தம்பியின் மகன் அவன். பூமணி மட்டும் சிரிக்கவில்லை.

அப்படியென்றால் என்ன நடந்தது? கதிர் அவருடைய ஞாபகத்தை எடுத்ததா? கட்டி எடுத்ததா? சத்திரசிகிச்சையா, வயதா? சிகிச்சை முடிந்த பிறகு டாக்குத்தர் அம்மாவுக்குத் தெரியப்படுத்தி அவர் சாப்பிட்ட வல்லாரை எதையாவது மீட்டுக் கொடுத்ததா? பரியாரியார் ஓம் என்றார். டாக்குத்தர் அம்மா தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். அதற்குப் பிறகும் பல போகங்கள் அவர் தண்ணீர் பிரித்தார், பெயர்களை மறந்துகொண்டே.

கிளினிக்கில் அவருக்கு ஞாபகசக்திப் பரிசோதனை செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சில சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்கிற பரிசோதனை. எங்கோ எழுதப்பட்டு, யாரோ தமிழாக்கியது. "கம்பளிச் சட்டை, புகைபோக்கி..." என்று தொடங்கியது.

"புகைபோக்கியெண்டா என்ன மிஸ்?" என்றார் விதானையார்.

கொஞ்சம் கழித்துக் கேட்டபோது அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று குறிக்கப்பட்டது. மறந்தாரா? தலைக்குள் ஒருபோதும் குடியேறாத சொல்லை யார் மறக்க முடியும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வல்லாரை உதவுமா என்று பிறகு பார்க்கலாம். எங்களுடைய மனிதருக்கு எவ்வளவு மறந்திருக்கிறது என்றே அளக்கத் தெரியாமல், இலை எவ்வளவு மீட்டது என்று எப்படிச் சொல்வது? போத்தலோடு வருகிற எல்லோருக்கும் நாங்கள் சொல்கிற "தெரியாது" உண்மையான தெரியாதுதான். ஆனால் எத்தனை காலத்துக்கு?

வேலையில் இருந்தபோது அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது என்னிடம் நேரம் மட்டும்தான் இருக்கிறது. நிரோசாவை இழுத்துவிட்டேன். நாகமணிப் பரியாரியாரின் மகள் தர்சினி சித்த வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவள், அவளும் வந்துவிட்டாள். டாக்குத்தர் அம்மா எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற ஒழுக்கநெறிக் குழு சம்மதிக்கும்வரை எந்த நோயாளருக்கும் எந்த இலையும் இல்லை. நியாயம்தான். இலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. எங்கள் பகுதிக்கென்று ஒரு ஞாபகப் பரிசோதனை செய்கிறோம்.

சொற்களைத் தெரிவு செய்வதிலேயே சண்டை. "தோணி" என்று நான் போட்டேன். கடலோரத்தாருக்குச் சுலபம், வயல்காரருக்கு அநியாயம் என்றாள் தர்சினி. "ஏர்" என்றாள். இப்போது யார் ஏர் பிடிக்கிறார்கள் என்றாள் நிரோசா. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறவருக்கும் செட்டிபாளையத்தில் வலை போடுகிறவருக்கும் படுவான்கரையில் விதைக்கிறவருக்கும் ஒரே அளவு பழக்கமான சொல் வேண்டும். "குடை" நிலைத்தது. "பால்மா" நிலைத்தது. "மாமியார்" என்பதை நிரோசா சேர்த்தாள். அதை யாரும் மறக்க மாட்டார்கள், பரிசோதனை கெட்டுவிடும் என்று தர்சினி வெட்டினாள்.

வருகிற ஞாயிறு செட்டிபாளையத்தில் தொடங்குகிறோம். தலையில் கட்டி இல்லாத, கதிர் படாத, ஒரு குறையும் இல்லாத ஆட்களிடம். அவர்கள் எவ்வளவு மறக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு மேல் மறந்ததுதான் நோயினுடையது, அதிலிருந்து திரும்பி வருவதுதான், வந்தால், இலையினுடையது. முதல் ஆளாக நானே உட்காருகிறேன் என்றேன். முடியாது என்றாள் நிரோசா.

"சொல்லுகள எழுதினதே நீங்கதானேக்கா. உங்களுக்கு எப்படி மறக்கும்?"

நேற்று மாலை, எழுதியதைப் பார்க்காமல், அந்தச் சொற்களை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வரவில்லை. ஞாயிறு காலை நான்தான் முதலில் உட்காரப் போகிறேன்.